வீட்டுக் கணக்கு: பணம் வாங்கச் சாவி எதற்கு?



உபயோகம் தீர்ந்த சாமானைத் தூக்கி எறிய நமக்கு மனசு வராது. குழந்தை வளர்ந்துவிட்டால் தொட்டில் மிச்சம். மாமியார் காலத்துத் தையல் மெஷின் மூலையில் கிடக்கும். முன்பெல்லாம் பழைய சாமான்காரரிடம் போட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிக் கொள்வோம். இப்போது போனில் படம் எடுத்துப் போட்டால் நாலு ஊர் தாண்டி இருப்பவர் விலை பேசுகிறார். நல்ல காரியம்தான். சிறுவாட்டுப் பணம் சேர அதுவும் ஒரு வழி. ஆனால், "பணம் அனுப்பறேன், உங்க பேங்க் விவரம் சொல்லுங்க" என்று முகம் தெரியாத ஒருவர் கேட்கும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

விலாசம் வேறு, சாவி வேறு

உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும், கிளையின் 11 எழுத்து ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் வீட்டு விலாசம் மாதிரி. விலாசம் தெரிந்தால் ஒருவர் கடிதம் போடலாம். பீரோவைத் திறக்க முடியாது. அது போல, இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உங்கள் பணத்தை எடுத்துவிட முடியாது. போட மட்டும்தான் முடியும்.

சாவி என்பது வேறு. யு.பி.ஐ. ரகசிய எண், ஏ.டி.எம். ரகசிய எண், கார்டின் பின்பக்கத்து 3 இலக்க எண், போனுக்கு வரும் ஓ.டி.பி. ஆகியவைதான் சாவிகள். இவற்றில் ஒன்றுகூட, பணம் வாங்குவதற்குத் தேவையில்லை. தேவையே இல்லை!

இது தெரிந்த பெண்கள்கூட ஏமாறுகிறார்களே, ஏன்? நான் யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. பணம் வாங்க வேண்டுமென்றால் நாம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று நம் கை பழகியிருக்கிறது. தபால்காரர் மணியார்டர் கொண்டு வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். வங்கியில் எடுக்கவும் கையெழுத்து. உதவித்தொகை கொண்டு வருகிறவரிடம் கைரேகை. ஆகவே, "பணம் வரணும்னா உங்க நம்பரை அழுத்துங்க மேடம்" என்று ஒருவன் சொன்னால், அது நமக்கு நியாயமாகவே படுகிறது. திருடன் பிடித்துக்கொள்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

2023 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியதே, நினைத்துப் பாருங்கள். கணக்கில் 1000 ரூபாய் ஏறியபோது எந்த ரகசிய எண்ணையாவது அழுத்தினோமா? நாம் பாட்டுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தோம். அது பாட்டுக்கு வந்து விழுந்தது. வருகிற பணம் அப்படித்தான் வரும்.

எங்கள் தெருவில் நடந்தது

ஆலங்குளத்தில் எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி, மூத்த பிள்ளையின் தள்ளுவண்டியை 2,800 ரூபாய்க்கு விற்கப் படம் போட்டாள். அரை மணி நேரத்தில் போன். "நான் ராணுவத்தில் இருக்கேன் சிஸ்டர். நேரில் வர முடியாது. முன்பணமே அனுப்பிடறேன்." சீருடை போட்ட படமும் அடையாள அட்டையும் அனுப்பினான். நம் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் உண்டு. ராணுவம் என்றால் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. பேரம்கூடப் பேசவில்லை அவன்.

முதலில் 5 ரூபாய் அனுப்பினான். வந்தது. நம்பிக்கையும் வந்தது. பிறகு கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கியூ.ஆர். படம் ஒன்று. "இதை ஸ்கேன் பண்ணி நம்பரை அழுத்துங்க, மீதி வந்துடும்." அழுத்தினாள். 2,800 வருவதற்குப் பதில் 2,800 போனது. "ஐயோ, தப்பாயிடுச்சு சிஸ்டர். இன்னொரு தரம் பண்ணுங்க, ரெண்டும் சேர்ந்து வரும்." மறுபடியும் போனது.

மறுநாள் என்னிடம் வந்து, "யக்கா, படிச்ச பொம்பளை இப்படி முட்டாளாயிட்டேனே" என்று அழுதாள். முட்டாள்தனம் இல்லையம்மா. 2021 பிப்ரவரியில் அப்போதைய டெல்லி முதலமைச்சர் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. ஓ.எல்.எக்ஸ். தளத்தில் பழைய சோபா ஒன்றை விற்கப் போட்டார்கள். இதே மாதிரி முதலில் சிறு தொகை, பிறகு கியூ.ஆர். படம். முதல் தடவை 20,000, "தப்பான படம் அனுப்பிட்டேன்" என்று சொல்லி இரண்டாம் தடவை 14,000. ஆக 34,000 ரூபாய் போயிற்று. போலீஸ் பிறகு சிலரைக் கைது செய்தது. ராணுவ அடையாள அட்டையைக் காட்டி ஏமாற்றுவதும் நாடெங்கும் போலீசார் பல தடவை எச்சரித்த வேலைதான்.

எதைக் கொடுக்கலாம்?

கணக்கில் உள்ள பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, இவ்வளவே போதும். அல்லது யு.பி.ஐ. முகவரி மட்டும். அந்த முகவரியில் உங்கள் போன் நம்பர் இல்லாதபடி வேறு பெயரில் வைத்துக்கொள்ள பல செயலிகளில் வசதி உண்டு.

பாஸ்புக் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். அதில் விலாசமும் சேர்ந்து போய்விடும். கையெழுத்துப் போட்ட செக், ஆதார், பான் எதுவும் வேண்டாம். பழைய தொட்டில் வாங்குகிறவருக்கு உங்கள் ஆதார் எதற்கு?

விற்பனைக்கென்று ஒரு சின்னக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. நகைக் கடன் கட்டும் பணமும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் இருக்கும் கணக்கை வெளியாருக்குக் காட்ட வேண்டாம்.

அவர்கள் செய்யும் மற்ற தந்திரங்கள்

"2,000-க்குப் பதில் 20,000 அனுப்பிட்டேன், மீதியை உடனே திருப்புங்க" என்று ஒருவர் பதறுவார். போனில் வரவு வந்ததாகச் செய்தியும் இருக்கும். அந்தச் செய்தியை அவரே தயாரித்து அனுப்பியிருப்பார். வங்கியின் செய்தி வங்கிப் பெயர் எழுத்துகளோடு வரும். சாதாரண 10 இலக்க நம்பரிலிருந்து வராது. செய்தியைப் பார்த்து முடிவு செய்யாமல், கணக்கில் இருப்பு எவ்வளவு என்று நீங்களே திறந்து பாருங்கள்.

சில சமயம் அந்தப் பணம் நிஜமாகவே வந்திருக்கும். அது இன்னும் ஆபத்து. வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கலாம். பறிகொடுத்தவர் புகார் கொடுத்தால், பணம் வந்து போன உங்கள் கணக்கையும் முடக்குவார்கள். அப்புறம் பால்காரருக்குக் கொடுக்கக்கூட எடுக்க முடியாது. ஆகவே, வாங்குகிறவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து மட்டும் பணம் வாங்குங்கள். கூடுதலாக வந்தால் நீங்களாகத் திருப்பி அனுப்பாமல் வங்கிக்குத் தெரிவியுங்கள். விளம்பரம், பேசிய செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். நாளைக்கு அவைதான் உங்கள் சாட்சி.

"ஒரு செயலியைப் போடுங்க, நான் சரி பண்ணித் தரேன்" என்பது இன்னொன்று. உங்கள் போன் திரையை அவர் வீட்டிலிருந்தே பார்க்க வைக்கும் வேலை அது. 2019-லேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்தது.

முன்பு, பணம் கேட்கும் வேண்டுகோளை யு.பி.ஐ.யில் அனுப்பி, அதைப் பணம் வருவது போலக் காட்டி ஏமாற்றினார்கள். தனிநபருக்குத் தனிநபர் அப்படிக் கேட்கும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. கியூ.ஆர். படமும் லிங்க்கும் நிற்கவில்லை. கவனம்.

நம் சிவகாசி பெயரைச் சொல்லியே ஒரு மோசடி நடக்கிறது. பாதி விலையில் பட்டாசு என்று பொய்யான வலைத்தளம் வைத்துத் தீபாவளி நேரத்தில் வெளியூர்க்காரர்களிடம் பணம் பறிக்கிறார்கள். இணையத்தில் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. வெளியூரில் இருக்கும் நாத்தனார், சம்பந்தி வீட்டாருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

போய்விட்டால்?

எங்கள் தெருத் தங்கச்சிக்கு நஷ்டம் 5,600 ரூபாய். அதைவிடப் பெரிய நஷ்டம், அவள் ஒரு ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருந்தது. வீட்டுக்காரர் திட்டுவாரே என்ற பயம். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது. மணிக்கணக்கில் கை மாறிக்கொண்டே இருக்கும். உடனே சொன்னால் நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

ஆகவே, தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சைபர் குற்றங்களுக்கென்றே உள்ள எண் அது. அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்கு விருதுநகரில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது; அங்கும் போகலாம்.

வீட்டு ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போன் போடுங்கள். திட்டுக்குப் பயந்துதான் பெண்கள் மறைக்கிறார்கள். மறைக்கிற நேரம் திருடனுக்கு லாபம்.

சிவகாசிக் காலண்டர் தொங்காத வீடு எது? அதன் அட்டை ஓரத்தில் இன்றைக்கே பேனாவால் எழுதி வையுங்கள்: "பணம் வாங்க ரகசிய எண் வேண்டாம். போனால் 1930." படிக்கத் தெரியாத மாமியாருக்கும் வாயால் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கையிலும் இப்போது போன் இருக்கிறதே!