கதைப் புத்தகம் கெடுக்குமா?

"பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதற்கு?" வீட்டில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கணக்குப் புத்தகத்துக்குள் நாவலை ஒளித்துப் படித்து அகப்பட்டுக்கொண்டதும் உண்டு. ஒளித்தது தவறே. ஆனால் படித்தது தவறா?

1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' காதல் கதைதான். எனினும் எலிசபெத்தும் டார்சியும் தத்தம் குறையை உணர்ந்து திருந்திய பின்னரே ஒன்றுசேர்கிறார்கள். 1950-இல் தொடங்கிய சி. எஸ். லூயிஸின் நார்னியா மாயக்கதையில், மிட்டாய்க்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்த எட்மண்டை, அஸ்லான் என்னும் சிங்கம் தன் உயிரைக் கொடுத்து மீட்கிறது. செஸ்டர்டனின் துப்பறியும் கதைகளில் வரும் ஃபாதர் பிரவுன், திருடனைக் கண்டுபிடிப்பதோடு நிற்பதில்லை; அவனை மனந்திருப்பவும் முயல்கிறார். பெருந்திருடன் ஃபிளாம்போ பின்னர் அவருக்கே நண்பனாகிறான்.

இக்கதைகளில் கர்வமும் துரோகமும் திருட்டும் இல்லாமலில்லை. தீமையைத் தீமை என்றே சொல்லி, திரும்பிவர வழியும் காட்டுவதால்தான் இவற்றைத் தூய கதைகள் என்கிறோம்.

அன்புள்ள பெற்றோரே, அருட்சகோதரிகளே! புத்தகத்தைப் பறிக்குமுன் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். நல்லதென்று கண்டால், தேர்வு முடிந்த பிறகேனும் திருப்பித் தாருங்கள். அப்போது ஒளித்துப் படிக்க எங்களுக்கு அவசியமே இராது.

— ஒரு மாணவி, பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு