கேட்கக் கற்றுக்கொள்ளும் செபம்

மாலை மங்கும் வேளையிலே வீட்டு மாடத்தில் திரு இருதயப் படத்தின் முன் விளக்கு ஏற்றப்படுகின்றது. தாய் செபமாலையைத் தொடங்கப் பிள்ளைகள் பதிலுரைக்கின்றார்கள். மன்றாட்டு மாலை சொல்லப்படுகின்றது. இறந்துபோன உறவினருக்காகவும், கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்காகவும், பரீட்சைக்காகவும், நோய் தீரவும் செபிக்கப்படுகின்றது. இறுதியில் சிலுவை அடையாளம் வரைந்து எல்லோரும் எழுந்துகொள்கின்றார்கள். அடுத்த நிமிடமே தொலைக்காட்சி பேசத் தொடங்குகின்றது, கைத்தொலைபேசிகள் ஒளிர்கின்றன. அதே மாடத்தின் ஓரத்தில், திருமண நாளிலோ முதல் நன்மை நாளிலோ பரிசாகக் கிடைத்த திருவிவிலியம், இன்னும் பிரிக்கப்படாத பக்கங்களோடு அமைதியாக இருக்கின்றது.

அன்பார்ந்த வாசகர்களே, இக்காட்சி நம்மில் பலருடைய இல்லங்களுக்குப் புதியதன்று. குடும்ப செபத்தைக் குறைகூறுவதற்காக இதனைக் கூறவில்லை. இந்நாட்டிலே நமது விசுவாசம் அழியாமல் காக்கப்பட்டதில் இல்லங்களில் சொல்லப்பட்ட செபங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபோது குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரரின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. கத்தோலிக்கர் யாரென்று அறிவதற்காக அவர் தமது கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டே வீடு வீடாகச் சென்றார். அந்த மணிகளை அடையாளம் கண்டுகொள்ளும் கண்கள் அங்கு இன்னும் இருந்தன. குருவானவரும் திருப்பலியும் இல்லாத அந்த ஆண்டுகளில் செபத்தை மறவாதிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம்.

ஆகவே நாம் செபிக்காத மக்கள் அல்லர். நேர்ச்சைகளும் நவநாள்களும் மடுத் திருத்தலத்திற்கான யாத்திரைகளும் நம்மிடையே குறைவின்றி நடைபெறுகின்றன. எனினும் ஒரு கேள்வி நம் முன் நிற்கின்றது. இத்தனை ஆண்டுகள் செபித்த பின்னரும், நமது கோபமும் பொறாமையும் பகையும் ஏன் அப்படியே இருக்கின்றன? செபத்தில் வயது கூடியிருக்கின்றது. ஆன்மாவில் வளர்ச்சி கூடியிருக்கின்றதா?

சீலோவாம் ஆலயத்தில் சிறுவன் சாமுவேல் படுத்திருந்தபோது, இரவிலே தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் குரலைக் கேட்டான். அது ஆண்டவரின் குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்றுமுறை குரு ஏலியிடம் ஓடினான். ஏலி அவனுக்கு நீண்ட மன்றாட்டு எதனையும் கற்பிக்கவில்லை. ஆண்டவரைப் பேசுமாறு வேண்டிக்கொண்டு, கேட்கும் ஊழியனாகக் காத்திருக்குமாறு மட்டுமே சொல்லிக் கொடுத்தார் (1 சாமுவேல் 3). ஓர் இறைவாக்கினரின் வாழ்வு கேட்பதிலே தொடங்கியது. நமது செபத்தில் நாம் பேசும் பகுதி இருக்கின்றது. இறைவன் பேசும் பகுதிக்கு இடமில்லை. ஆன்மிக வளர்ச்சி தடைப்படுவது பெரும்பாலும் இங்கேதான்.

இறைவன் பேசுவதைக் கேட்பதற்கு நமக்குத் தரப்பட்டுள்ள முதன்மையான வழி திருவிவிலியமே. திருப்பாடல்களின் நூல் தனது முதலாம் பாடலிலேயே, ஆண்டவரின் திருச்சட்டத்தை இரவும் பகலும் தியானிப்பவரை நீரோடையோரம் நடப்பட்ட மரத்துக்கு ஒப்பிடுகின்றது. அங்கே தியானித்தலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு மெல்லிய குரலில் முணுமுணுத்தல் என்று பொருள். எசாயாவின் நூலில், இரையைப் பற்றிக்கொண்ட சிங்கம் உறுமுவதற்கும் அதே சொல்தான் வருகின்றது. கிடைத்ததை விட்டுவிடாமல் பற்றிக்கொண்டு, வாயிலும் மனத்திலும் மீண்டும் மீண்டும் அசைபோடுவதே தியானம். அதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை.

நமது முன்னோர் இதனை அறிந்திருந்தார்கள். 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இறக்கும்வரை இங்கேயே உழைத்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் நமது ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. எழுத்தறியாத மூதாட்டியரும் அதனைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். இறைவார்த்தையைத் தியானிப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. நாம் கைநழுவ விட்ட பழைய செல்வம் அது.

திருச்சபையின் மரபில் இதற்கு ஓர் எளிய ஒழுங்கு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் கர்த்தூசியத் துறவியாகிய இரண்டாம் குய்கோ, வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல் ஆகிய நான்கு படிகள் கொண்ட ஏணியாக அதனை விளக்கினார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையிலே, இந்தத் தெய்வீக வாசிப்பு செயலாகக் கனிந்தாலன்றி நிறைவடையாது என்பதையும் நினைவுறுத்தினார். இந்தப் படிகளில் ஒருமுறை நாமும் ஏறிப் பார்ப்போம்.

மத்தேயு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தின் 23ஆம் 24ஆம் வசனங்களை எடுத்துக்கொள்வோம். காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கும் ஒருவர், சகோதரரின் மனத்தாங்கலை நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று ஆண்டவர் அங்கே கற்பிக்கின்றார்.

முதலில் நிதானமாக வாசிக்கின்றோம். இரண்டாம் முறை வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படுகின்றது. எனக்குப் பிறர்மீது மனத்தாங்கல் இருந்தால் என்று ஆண்டவர் கூறவில்லை. பிறருக்கு என்மீது மனத்தாங்கல் இருந்தால் என்றே கூறுகின்றார். நான் யார்மீதும் கோபம் வைத்திருக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கொள்ள இங்கே வழியில்லை.

அடுத்துத் தியானிக்கின்றோம். இதனைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் பலர் கலிலேயர். அவர்கள் பலி செலுத்திய பலிபீடமோ எருசலேமில் இருந்தது. காணிக்கையை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்புவதென்றால் சில நாள்கள் நடக்க வேண்டும். மீண்டும் வந்து செலுத்துவதென்றால் இன்னும் சில நாள்கள். ஆவணித் திருவிழாவுக்கு மடுவிற்குச் சென்ற ஒருவர், அன்னையின் முன் மெழுகுதிரியை ஏற்றாமல் வைத்துவிட்டு, அயல்வீட்டாரோடு சமாதானம் செய்வதற்காக யாழ்ப்பாணத்திற்குத் திரும்புவதை எண்ணிப் பாருங்கள். ஆண்டவர் கேட்பது அத்தகைய ஒன்றையே.

இப்போது வார்த்தை நமது வளவுக்குள் வந்துவிடுகின்றது. கதியால் வேலி ஓரடி தள்ளிப் போடப்பட்டதென்று பேச்சை நிறுத்திக்கொண்ட சகோதரர்கள் எத்தனை பேர்? சீதனக் காணிக்காக வழக்காடி, ஒருவர் வீட்டு மரணச் சடங்கிற்கும் மற்றவர் போகாத குடும்பங்கள் எத்தனை? இரு வீடுகளிலும் ஒவ்வொரு மாலையும் செபமாலை சொல்லப்படுகின்றது. இரு வீட்டாரும் ஒரே ஆலயத்தில் நற்கருணை வாங்குகின்றார்கள். வேலி மட்டும் அப்படியே நிற்கின்றது.

இவ்விடத்தில் எழும் செபம் மனப்பாடமான செபமாக இருக்க முடியாது. “ஆண்டவரே, அந்தப் படலையைத் திறக்க என் கை எழவில்லை. என் மானம் என்னைத் தடுக்கின்றது. நீரே என்னோடு வாரும்” என்று உள்ளம் உண்மையைச் சொல்லும். அதன்பின் சொற்கள் குறையும். இறைவனின் முன் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்திருப்போம். அந்த அமைதியும் செபமே. பின்னர் ஒருநாள், நத்தார் பலகாரத் தட்டோடு ஒருவர் அந்தப் படலையைத் திறப்பார். அங்கு வரவேற்பு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆயினும் அன்று அந்த ஆன்மா ஓரடி வளர்ந்திருக்கும். தியானத்தின் உண்மையை உள்ளத்தில் எழும் இனிய உணர்ச்சிகளைக் கொண்டு அளவிட இயலாது. அன்பே அதன் அளவுகோல்.

எல்லா நாள்களிலும் இறைவார்த்தை ஆறுதலாக இனிப்பதுமில்லை. போரிலே பிள்ளைகளை இழந்தவர்களும், காணாமற்போனவர்களின் வருகைக்காக இன்னும் படலையைப் பார்த்திருப்பவர்களும் நம்மிடையே உள்ளனர். நன்றி கூறும் செபங்கள் அவர்களின் நாவில் ஏறாத நாள்கள் உண்டு. அவர்களுக்கும் திருவிவிலியத்தில் இடமிருக்கின்றது. 88ஆம் திருப்பாடல் இறைவனை நோக்கிக் கதறித் தொடங்கி, ஆறுதல் எதுவும் கிடைக்காமல் இருளிலேயே முடிகின்றது. திருச்சபை அதனை நீக்கிவிடவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் அதனைச் சேர்த்து வைத்திருக்கின்றது. அழுகையும் கேள்வியும் கூட இறைவனிடம் சொல்லப்படும்போது செபமாகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? துயருற்றோர் தங்கள் துயரத்தை மறைத்துக்கொண்டு செபிக்க வேண்டியதில்லை.

தியானத்தில் மனம் அலைபாய்கின்றதே என்று சிலர் சோர்ந்துபோகின்றனர். அலைவது மனத்தின் இயல்பு. அலைந்த மனத்தைக் கடிந்துகொள்ளாது, எடுத்துக்கொண்ட வசனத்திற்கு மெதுவாகத் திருப்பிக் கொண்டுவருவோம். பத்து நிமிடத்தில் இருபது முறை அவ்வாறு திருப்ப நேர்ந்தால், இருபது முறை நாம் இறைவனிடம் திரும்பியிருக்கின்றோம். அன்னை மரியாவும் எல்லாவற்றையும் உடனே விளங்கிக்கொள்ளவில்லை. ஆலயத்தில் காணாமற்போய்க் கிடைத்த மகன் கூறிய சொல் அவருக்கும் சூசைக்கும் புரியவில்லை என்றே லூக்கா எழுதுகின்றார். ஆயினும் அன்னை அதனைத் தம் உள்ளத்தில் பதித்து வைத்துக்கொண்டார் (லூக்கா 2:50-51). புரியாத வார்த்தையையும் பத்திரப்படுத்தி வைப்பது விசுவாசத்தின் ஒரு பகுதியே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் வழியாக, திருவிவிலிய வாசிப்பும் செபமும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்று விசுவாசிகள் அனைவரையும் கேட்டுக்கொண்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். ஆண்டில் ஒரு ஞாயிறு சிறப்பிக்கப்படுவது நன்று. எனினும் நம் வீட்டு மாலைப் பொழுதுகளில் அது தொடராவிட்டால் பயனென்ன?

தொடக்கம் சிறிதாகவே இருக்கட்டும். சனிக்கிழமை மாலை, செபமாலை முடிந்ததும், மறுநாள் திருப்பலியின் நற்செய்தியை வீட்டில் ஒருவர் உரத்து வாசிக்கட்டும். கைத்தொலைபேசிகள் வேறோர் அறையில் இருக்கட்டும். மூன்று நிமிடம் எல்லோரும் மௌனமாயிருந்து, பின் ஒவ்வொருவரும் தம் மனத்தைத் தொட்ட ஒரு சொல்லை மட்டும் கூறட்டும். விளக்கமோ பிரசங்கமோ தேவையில்லை. சிறு பிள்ளை சொல்லும் சொல்லையும் பெரியவர்கள் மதித்துக் கேட்கட்டும். அந்தச் சொல்லை வாரம் முழுவதும் வயலுக்கும் கடலுக்கும் அலுவலகத்திற்கும் எடுத்துச் செல்வோம்.

அந்த ஞாயிறன்று கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் ஆலயத்தில் கேட்பதும் பெரும்பாலும் அதே நற்செய்தியே. தொலைபேசியில் சுகம் விசாரித்து, பணம் கிடைத்ததா என்று கேட்ட பின், “இந்தக் கிழமை நற்செய்தியில் உனக்கு எந்தச் சொல் பிடித்தது மகனே?” என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேறெந்த உரையாடலும் தராத நெருக்கத்தை அந்தக் கேள்வி தரக்கூடும்.

வீட்டு மாடத்தில் இருக்கும் திருவிவிலியத்தை இன்று மாலையே கையில் எடுப்போம். இதுவரை நாம் பேசினோம். ஆண்டவர் பொறுமையோடு கேட்டார். இனி அவர் பேசுவதை நாமும் கேட்போம். கேட்டதைச் செய்யும் மனவலிமையைத் தூய ஆவியார் நமக்கும் நம் குடும்பங்களுக்கும் அருள்வாராக.