காயத்தை மறைத்தால் லாபம்!

அமெரிக்காவில் கட்டிடங்களுக்கு ஏர்கண்டிஷன் யந்திரமும், குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் யந்திரமும் பொருத்தித் தரும் காண்டிராக்டர்கள் ஓயாமல் பாடும் பாட்டு ஒன்று உண்டு. தொழிலாளர் நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸ் பிரீமியம் அவர்கள் கழுத்தை நெரிக்கிறதாம்!

கூரையிலிருந்து விழுகிறவன் யார்? மின்சாரம் தாக்கிச் சுருண்டு போகிறவன் யார்? தொழிலாளிதான். அவன் வைத்தியத்துக்கும், படுத்த நாட்களில் கூலியில் ஒரு பகுதிக்குமே இந்தப் பணம். அதுவும் இனாம் அல்ல. 1911 முதல் மாநிலம் மாநிலமாக இச்சட்டங்கள் வந்தபோது, முதலாளிமீது வழக்குத் தொடுக்கும் உரிமையை அவன் பதிலுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறான்.

பிரீமியக் கணக்கைப் பாருங்கள். கூலிப் பட்டியலில் 100 டாலருக்கு இவ்வளவு என்று விகிதம். வேலையில் அபாயம் கூடினால் விகிதமும் கூடும். அதை அந்தக் காண்டிராக்டரின் பழைய விபத்துக் கணக்கை, சாதாரணமாக 3 ஆண்டுக் கணக்கை, வைத்து ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். 1 என்றால் சராசரி. 1.25 என்றால் காற்பங்கு கூடுதல்.

நல்ல ஏணியும் பாதுகாப்புப் பட்டையும் வாங்கிக் கொடுத்தால் அந்த எண் இறங்கும். ஆனால் அதைவிட மலிவான வழி இருக்கிறதே! காயத்தை வெளியே சொல்லாதே என்று மிரட்டுவது. 'நீ என் ஆள் அல்ல, தனிக் காண்டிராக்டர்' என்று எழுதி வாங்கி, பட்டியலிலிருந்தே பேரை அடிப்பது.

டெக்ஸாஸ் மாநிலத்தில் தனியார் முதலாளிகளுக்குப் பொதுவாக இந்த இன்ஷூரன்சே கட்டாயமில்லை. எடுக்காதவன்மேல் வழக்குப் போடலாமாம், ஒடிந்த காலோடு கோர்ட்டுக்கு நடந்து!

ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிற காண்டிராக்டர் இவர்களோடு போட்டியிட்டு டெண்டரில் தோற்கிறார். அவருடைய கோபம் தொழிலாளியின் நஷ்டஈட்டின்மேல் பாய்வானேன்? பக்கத்துக் காண்டிராக்டரின் கூலிப் பட்டியலைப் பிரித்துப் பார்க்கும்படி சர்க்காரைக் கேட்கட்டும்!