புது ஆளா? கொஞ்சம் வெயிட் பண்ணுங்க!

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல எங்க மாமா ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துறார். மொத்தம் ஆறு ரூம், புக்கிங் எல்லாம் மெயில்லதான். "கம்ப்யூட்டர்தானே படிக்கிற, நீயே பாத்துக்கோ மாப்ள"ன்னு மெயில் சர்வரை என் தலையில கட்டிட்டார். 1 ஜிபி ராம் உள்ள மலிவான சர்வர். அதுல ஸ்பாம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும். ஒவ்வொரு மெயிலையும் ஃபில்டர் படிச்சுப் பார்க்கிறதுக்குள்ள சர்வருக்கு மூச்சு வாங்கும்.

ஸ்பாம் வந்த முகவரியை எல்லாம் ஒரு லிஸ்ட்ல போட்டு நிரந்தரமா பிளாக் பண்ணேன். ரெண்டு மாசம் கெத்தா சுத்தினேன். தீபத்துக்குத்தான் மாட்டினேன். வருஷா வருஷம் ஜெர்மனியில இருந்து வர்ற ஒரு பாட்டி அந்தத் தடவை வரவே இல்லை. மாமா போன் பண்ணப்பதான் விஷயம் தெரிஞ்சுது. யாரோ அவங்க முகவரியைப் போட்டு ஸ்பாம் அனுப்பியிருக்காங்க, நான் அவங்களையே பிளாக் பண்ணிட்டேன். மாமா திட்டலை. "பத்து வருஷமா வர்றவங்கடா"ன்னு மட்டும் சொன்னார்.

அதனால என் கருத்து இதுதான்: அனுப்புநர் முகவரியைக் குறித்து வைக்கலாம், அதை மட்டும் நம்பி யாரையும் தண்டிக்கக் கூடாது. 1982-இல் எஸ்எம்டிபி எழுதப்பட்டபோது அந்த முகவரி உண்மையா என்று சரிபார்க்க அதில் வழியே இல்லை. கவர் மேல அனுப்புநர் பேரை யார் வேணா எழுதலாமே, அதே கதைதான். எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் பின்னால் வந்தவை. எல்லாரும் அவற்றை ஒழுங்காகப் போடுவதும் இல்லை.

இதைவிட நல்ல வழி கிரேலிஸ்டிங். 2003-இல் இவான் ஹாரிஸ் முன்வைத்தது. எந்த ஐபி, யார் அனுப்புறாங்க, யாருக்கு என்ற மூன்றையும் சேர்த்துக் குறித்து வைக்கும். அந்தக் கூட்டு புதுசா இருந்தா, 'இப்போ முடியாது, அப்புறம் வாங்க' என்று தற்காலிகமாகத் திருப்பி அனுப்பும். ஒழுங்கான சர்வர் க்யூவில் வைத்து மறுபடி வரும். அள்ளி வீசும் ஸ்பாம் புரோகிராம்கள் பல திரும்பி வராது. மெயிலின் உள்ளடக்கத்தை வாங்கும் முன்பே இது முடிந்துவிடுவதால் ஃபில்டருக்கும் வேலை குறையும். பாட்டி பேரில் வேறொரு ஐபியில் இருந்து வந்த போலி மெயில், பாட்டியின் கணக்கில் சேரவும் சேராது.

நான் போட்டிருக்கும் போஸ்ட்கிரே, டிஃபால்ட்டாக 300 விநாடி காக்க வைக்கும். ஒருமுறை தேறியவர் தொடர்ந்து எழுதினால் மறுபடி நிற்க வேண்டாம்.

குறையும் இருக்கு. ஓடிபி மெயில் லேட்டாகும். பெரிய மெயில் சேவைகள் வேறு ஐபியில் இருந்து திரும்ப வரும், அவற்றுக்குத் தனி விலக்கு தரணும். திரும்ப முயற்சி செய்யும் ஸ்பாமும் உண்டு, அதுக்காக ஃபில்டர் பின்னால் இருக்கத்தான் வேணும். ஆனா இதில் நல்லவருக்கு வரும் நஷ்டம் பெரும்பாலும் சில நிமிஷம்தான். என் பிளாக் லிஸ்ட்டில் அது ஒரு முழு தீபம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல 'ஸ்பாம் டிடெக்ஷன், 99% அக்யூரசி'ன்னு ஸ்லைடு போடப் போறீங்களா? அதுக்கு முன்னாடி லாகைத் திறந்து, மீதி 1% யாருன்னு ஒரு தடவை பாருங்க. எனக்கு அது ஒரு பாட்டி.