பேய் கூலி கேட்காது

அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில் சவான்னா என்றொரு துறைமுக நகரம். அங்கே மாடிசன் சதுக்கத்தில் சொரல்-வீட் மாளிகை நிற்கிறது. 1840 வாக்கில் பிரான்சிஸ் சொரல் என்ற பெருவணிகருக்காகக் கட்டியது. இன்று அது காட்சியகம். பகலில் போனால் தூணையும் மாடிப்படியையும் காட்டுவார்கள். இருட்டினபிறகு போனால் பேயைக் காட்டுவார்கள். ரெண்டுக்கும் டிக்கெட் உண்டு.

நான் போனதில்லை. வங்கிக் குமாஸ்தாவுக்குத் தருகிற பயணச் சலுகை சவான்னாவரைக்கும் நீளாது. ஆனால் கறுப்பின வரலாற்றாசிரியர் டியா மைல்ஸ் போனார். கேட்டதையும், பிறகு தேடியதையும் 2015-இல் ஒரு புத்தகமாக எழுதினார். அதிலிருந்து எனக்குள் கிளம்பிய கோபம்தான் இது.

அங்கே சொல்லப்படும் கதை இதுதான். சொரலுக்கு மாலி என்ற அடிமைப் பெண்ணோடு 'தொடர்பு'. மனைவி மட்டில்டா பார்த்துவிட்டாள். மாடியிலிருந்து குதித்துச் செத்தாள். கொஞ்ச நாளில் மாலியும் வண்டிக் கொட்டகையில் தூக்கில் தொங்கினாள். ரெண்டு பேரும் இன்னும் அந்த வீட்டில் அலைகிறார்களாம்.

மட்டில்டா 1860-இல் செத்தது ஆவணத்தில் இருக்கிறது. மாலி? மைல்ஸ் தேடிப் பார்த்தார். அப்படியொரு பெண் அங்கே இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

நான் என்ன கேக்குறேன்னா, 'தொடர்பு'ன்னா என்னங்க? உடம்பே இன்னொருத்தன் சொத்தாக எழுதப்பட்ட பெண் 'முடியாது' என்று சொல்லச் சட்டத்தில் எங்கே இடமிருந்தது? வல்லுறவுக்குக் காதல் சாயம் பூசி, கொலைக்கும் தற்கொலைக்கும் நடுவே ஒரு மர்மத்தைத் தொங்கவிட்டு, கடைசியில் அவளைப் பேயாக்கி விற்கிறார்கள். உயிரோடு இருந்தபோது உழைப்பை விற்றார்கள். செத்த பிறகு சாவை விற்கிறார்கள். இல்லாத ஒருத்தியையும் உண்டாக்கி விற்கிறார்கள்.

அதே ஊரில் இன்னொரு காட்சியகம், ஓவன்ஸ்-தாமஸ் வீடு. அதன் பின்கட்டில் அடிமைகள் குடியிருந்த கட்டடத்தின் கூரையடியில் இன்னும் நீல நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவுரியும் சுண்ணாம்பும் மோரும் கலந்து பூசியது. அந்த நீலம் அண்டிய இடத்தில் கெட்ட ஆவி நுழையாது என்பது கடலோரக் கறுப்பர்களின் நம்பிக்கை. யோசிச்சுப் பாருங்க. பேயை விரட்ட நீலம் பூசிய சனங்களையே இன்றைக்குப் பேய் என்று காட்டுகிறார்கள். அவர்கள் யாருக்குப் பயந்து படுத்தார்கள் என்று ராத்திரிச் சுற்றுலாவில் யார் கேட்கிறார்கள்?

நான் கணக்கு எழுதுகிறவன். எனக்குப் பேயைவிடப் பேரேடு பெரிது. சவான்னாவுக்கு வெளியே ஒரு குதிரைப் பந்தய மைதானம் இருந்தது. 1859 மார்ச் 2, 3 தேதிகளில் பியர்ஸ் பட்லர் என்ற ஆண்டை, தன் கடனை அடைக்கத் தன் பண்ணை அடிமைகளை அங்கே ஏலம் போட்டான். பட்டியலில் 436 பேர். பெயர், வயது, தெரிந்த வேலை எல்லாம் அச்சிட்டிருந்தது. ஏலத்துக்கு முன் அவர்களைக் குதிரைக் கொட்டடியில் அடைத்து வைத்தார்கள். அந்த ரெண்டு நாளும் மழை. வசூல் 3,03,850 டாலர். முடிந்ததும் பட்லர் ஆளுக்கு ஒரு டாலர் சில்லறையாகக் கொடுத்தான். தாயிடமிருந்தும் கூடப்பிறந்தவர்களிடமிருந்தும் பிரிக்கப்பட்ட சனம் அந்த நாள்களுக்கு 'அழுகைக் காலம்' என்று பேர் வைத்தது.

இதற்கு ஆதாரம் வேண்டாமா? இருக்கிறது. பட்டியல் இருக்கிறது, அன்றைய செய்தியாளர் எழுதிய கட்டுரை இருக்கிறது. ஆனால் அங்கே ஓர் அறிவிப்புப் பலகை வைக்கவே 2008 ஆயிற்று. பேர் இல்லாத மாலிக்கு ராத்திரிதோறும் கூட்டம். பேர் இருக்கிற 436 பேருக்கு ஒரு பலகை.

பேய்க்கதையாவது அடிமைகளை நினைவில் வைக்கிறதே என்று சிலர் சொல்லலாம். பாதி உண்மைதான். மைல்ஸின் தேடலே அந்தக் கதையிலிருந்துதான் தொடங்கியது. ஆனால் அவர் தேடப் போனார். மற்றவர்கள் சிலிர்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பேயைச் சொல்வது சுலபம். பேய் கூலி கேட்காது. பேய்க்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது. நிலம் கேட்டு மனு கொடுக்காது.

நிலம் கேட்டவர்கள் இருந்தார்கள். அதே மாடிசன் சதுக்கத்தில், சொரல் வீட்டுக்கு எட்டிப் பார்க்கிற தூரத்தில் கிரீன்-மெல்ட்ரிம் வீடு. அதுவும் இன்று காட்சியகம். 1865 ஜனவரி 12 அன்று அங்கே தளபதி ஷெர்மனை 20 கறுப்பினப் போதகர்கள் சந்தித்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர், வயது 67. தன்னையும் மனைவியையும் ஆயிரம் டாலர் கொடுத்து விடுவித்துக்கொண்டவர். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சொந்தமாக நிலம் வேண்டும், எங்கள் உழைப்பில் உழுது பிழைப்போம் என்றார். நாலாம் நாள் ஷெர்மன் உத்தரவு போட்டார்: கடலோர நிலத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர்வரை. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஜான்சன் அந்த ஆண்டு முடிவதற்குள் நிலத்தைப் பழைய ஆண்டைகளுக்கே திருப்பிவிட்டார். பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சவான்னாவுக்கு யாராவது போனால் சொரல் வீட்டில் நின்றுவிடாதீர்கள். சதுக்கத்தைக் கடந்து அந்த இன்னொரு வீட்டுக்குப் போங்க. பேய் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கடன் இருக்கிறது. அதை இன்னும் எவனும் அடைக்கவில்லை.