வெல்லெஸ்லியின் பெயரும் நமது வரலாறுதான்

பினாங்குத் தீவுக்கு எதிரே இருக்கும் நிலப்பகுதி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அரசாங்கத் தாள்களில் ‘புரோவின்ஸ் வெல்லெஸ்லி’ என்றே இருந்தது. இன்று அது செபராங் பிறை. 2019-இல் மாநகரத் தகுதியும் பெற்றுவிட்டது. பழைய பெயர் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார், ஏன் அவர் பெயர் இங்கே வந்தது என்பதையும் சேர்த்து மறந்தால், பாகான் டாலாம் போன்ற ஊர்களில் வாழும் தமிழர்களுக்குத்தான் முதல் இழப்பு.

பெயர் வந்த வழி எளிது. 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைப் பிடித்த பிரான்சிஸ் லைட் அதற்கு வேல்ஸ் இளவரசரின் பெயரையும், நகரத்துக்கு அரசர் ஜார்ஜின் பெயரையும் சூட்டினார். ஒரு கரையை மட்டும் வைத்துக்கொண்டு துறைமுகத்தைக் காப்பது கடினம். தீவுக்கு வேண்டிய உணவும் எதிர்க்கரையிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1800-இல் தீவின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜார்ஜ் லீத் கெடா சுல்தானோடு உடன்படிக்கை செய்து, முடா ஆற்றுக்கும் கிரியான் ஆற்றுக்கும் இடைப்பட்ட கடற்கரையைப் பெற்றார். சுல்தானுக்குத் தந்துவந்த ஆண்டுத் தொகை 6,000 டாலரிலிருந்து 10,000 ஆயிற்று. புதிய நிலத்துக்குக் கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லியின் பெயர் வந்தது. பெயரில்லாமல் கிடந்த மண் அல்ல அது. குவார் கெப்பாவின் கிளிஞ்சல் மேடுகளில் கற்கால மனிதரின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. புக்கிட் மெர்தாஜம் அருகே செரோக் தோக்குன் பாறையில் பழைய இந்திய எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறை ஆற்றுக்கும் முன்பே பெயர் இருந்தது. நாம் தமிழில் எழுதும் ‘பிறை’க்கும் நிலவுக்கும் தொடர்பில்லை, முனை என்று பொருள்படும் சயாமியச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு.

வெல்லெஸ்லி 1798 முதல் 1805 வரை பதவியில் இருந்தார். அந்த ஏழாண்டுகளைத் தமிழர்கள் வேறு பெயர்களால் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் ஆற்காட்டு நவாபின் நாடான கர்நாடகம் கம்பெனியின் கைக்குப் போனது. அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். எஞ்சிய போராளிகளில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். அவர்கள் நாடு கடத்தப்பட்ட இடம் பினாங்கு. எதிர்க்கரைக்கு வெல்லெஸ்லியின் பெயர் வந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இதைத் தற்செயல் என்று ஒருவர் சொல்லலாம். தூக்குத் தண்டனைகளை நிறைவேற்றியவர்கள் சென்னை அரசின் படைத்தளபதிகள், வெல்லெஸ்லி அல்லவே என்றும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் சென்னை கல்கத்தாவுக்குக் கட்டுப்பட்டது. கர்நாடகத்தை விழுங்கும் கொள்கை வெல்லெஸ்லியுடையது. நிலத்தைச் சேர்ப்பதும் எதிர்த்தவர்களைக் கடல் கடத்துவதும் ஒரே ஆட்சியின் இரண்டு வேலைகள். பினாங்கில் அவை இரண்டும் சந்தித்தன.

அடிமைப் பெயரை ஏன் கிளற வேண்டும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. பெயர்ப்பலகையில் அதைத் திரும்ப எழுதச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரைப் பற்றிய ஆவணங்கள் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. செபராங் பிறை என்று மட்டும் தெரிந்த பேரப்பிள்ளை ஆவணக் காப்பகத்தில் எதைத் தேடுவான்?

அப்படியானால் செபராங் பிறையில் இருக்கும் பட்டர்வொர்த்தின் பெயரையும் மாற்ற வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் 1843 முதல் 1855 வரை இருந்த ஒரு கவர்னரின் பெயர்தான். வெல்லெஸ்லி தாளோடு போய்விட்டார். பட்டர்வொர்த்தோ ரயில், பெர்ரி, துறைமுகம் என்று அன்றாடப் புழக்கத்தில் ஊறிவிட்டது. அதிலும் மக்கள் தங்கள் வழியை விடவில்லை. இன்றும் உள்ளூரில் அதன் பெயர் பாகான், படகு அணையும் துறை. பட்டர்வொர்த் என்ற பெயரை மாற்றச் செலவழிக்கும் பணத்தில், இந்த வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஓர் உள்ளூர் வரலாற்றுப் புத்தகம் போடலாம். அதில் லைட்டுக்கும் லீத்துக்கும் ஒரு பக்கம் போதும். அந்த 73 பேருக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் மீதியை ஒதுக்க வேண்டும்.