யாருடைய நட்புக்கு நிலவொளி?

"நீயும் ஹாஸ்டல்ல வளர்ந்தவன்தானே, இதப் படி, பழசெல்லாம் ஞாபகம் வரும்" என்று சொல்லி, உடன் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் தானா ஃபிரெஞ்சின் 'தி சீக்ரெட் பிளேஸ்' நாவலைக் கொடுத்தார். இரண்டே இரவில் படித்து முடித்தேன். பழசு ஞாபகம் வந்தது உண்மைதான். ஆனால் அவர் நினைத்த பழசு அல்ல.

2014இல் வெளிவந்த குற்றப் புனைவு. டப்ளினில் செயின்ட் கில்டாஸ் என்ற வசதி படைத்த பெண்கள் உறைவிடப் பள்ளி. அதன் வளாகத்தில் பக்கத்து ஆண்கள் பள்ளி மாணவன் கிறிஸ் ஹார்ப்பர் அடித்துக் கொல்லப்படுகிறான். மாணவிகள் பெயர் போடாமல் இரகசியங்களை ஒட்டிவைக்க ஒரு பலகை உண்டு. ஒரு வருடம் கழித்து, கொலையாளி யாரெனத் தெரியும் என்ற குறிப்போடு கிறிஸின் படம் அதில் தொங்குகிறது. ஹோலி, ஜூலியா, செலீனா, ரெபெக்கா என்ற நான்கு தோழிகளைச் சுற்றிக் கதை சுழல்கிறது. ஆண்களே வேண்டாம் என்று சபதம் எடுக்கிறார்கள். இரவில் விடுதியிலிருந்து நழுவி, சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே நிலவொளியில் கிடக்கிறார்கள். அந்த நட்பை ஃபிரெஞ்ச் அபாரமாக எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை.

ஆனால் என் நண்பர் பேசியதெல்லாம் இந்த நால்வரைப் பற்றி மட்டுமே. விசாரிக்க வரும் இரண்டு போலீசாரும் எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பது அவர் கண்ணில் படவே இல்லை. அந்தக் கட்டடத்தின் அழகைப் பார்த்து மோரன் ஏங்குகிறான். கான்வேக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. கொலைப் பிரிவில் சக ஆண்களின் சீண்டல்களைத் தினம் தினம் தாங்குபவள் அவள். அவர்களுக்கு நிலவொளி கிடையாது. ஒரே ஒரு வேலை நாள்தான். அதற்குள் ஒருவரை ஒருவர் நம்பலாமா என்று முடிவு செய்தாக வேண்டும். ஹோலியின் அப்பாவும் போலீஸ்; இருவருக்கும் நடுவே சந்தேகத்தைத் தூவிப் பார்க்கிறார். நாவலில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்த நட்பு இதுதான்.

அயர்லாந்தில் பிள்ளைகள் தங்கிப் படித்த இடம் ஒரு வகை மட்டுமல்ல. பணக்காரப் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி. ஏழைப் பிள்ளைகளுக்குத் 'தொழிற்பள்ளி'. இரண்டையும் பெரும்பாலும் துறவற சபைகளே நடத்தின. தொழிற்பள்ளிக்கு நீதிமன்றம் அனுப்பிய பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்த 'குற்றம்' வறுமை. டப்ளினின் கோல்டன்பிரிட்ஜில் சிறுமிகள் ஜெபமாலை கோத்தார்கள். கணக்கு நாளொன்றுக்கு 60 பத்து, அதாவது 600 மணிகள். குறைந்தால் அடி. 2009இல் வெளிவந்த ரையன் அறிக்கை இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. விரலில் கம்பி கிழிக்கக் கிழிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கோத்த சிறுமிகளுக்கும் தோழிகள் இருந்திருப்பார்களே! அந்த நட்புக்கு எந்த சைப்ரஸ் மரம், எந்த நிலவு?

நான் ஆறாம் வகுப்பிலிருந்து ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்தவன். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் நாங்களும் நால்வராகச் சுவரேறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் சினிமா பார்க்கப் போனோம். திரும்பும் வழியில் ரோந்து போலீஸ் நிறுத்தியது. எந்த ஹாஸ்டல் என்றார்கள். சொன்னோம். அதற்கு மேல் கேள்வி தேவைப்படவில்லை. ஊரில் எங்கோ பைக் காணாமல் போயிருந்ததாம். விடியும்வரை ஸ்டேஷன் தரையில் ஜட்டியோடு உட்கார வைத்தார்கள். மறுநாள் வார்டன் எங்கள் நால்வரையும் வேறு வேறு அறைக்குப் பிரித்தார். 'கேங்' சேரக் கூடாதாம். அதே ஊரில் தனியார் பள்ளி ஹாஸ்டல் பையன்களும் சுவரேறித்தான் படம் பார்த்தார்கள். அவர்கள் வாத்தியார் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

ஒரே சுவர், ஒரே வயது. அவர்கள் செய்தால் குறும்பு, நாங்கள் செய்தால் குற்றப் பின்னணி. பதின்வயது நட்பின் தூய்மை, வெகுளித்தனம் என்று உருகும் தோழர்களிடம் கேட்கிறேன்: அந்த வெகுளித்தனத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது யார்? ஆதிக்கச் சாதிப் பிள்ளைக்குப் பிறக்கும்போதே கிடைக்கும் அந்தச் சான்றிதழை எங்கள் பிள்ளை எந்த ஸ்டேஷனில் போய் வாங்க வேண்டும்?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர் ஆர்வமாகக் கேட்டார், எங்கள் ஹாஸ்டலில் அப்படி மரம் ஏதாவது இருந்ததா என்று. புளியமரம் இருந்தது. அதன் அடியில்தான் தட்டு கழுவுவோம்.